மணவீட்டுப் படமும் பெயரும்

அகநானூற்றின் 86ஆம் பாட்டு, மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் மணமகளை நீராட்டியமை கூறும். அந்நால்வர் யாவர், மணமக்கள் யாவர் எனின் விடையில்லை. அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டுதல் மரபன்று. செய்யுளுக்கு அது சாலும். நம் மணவீடுகளிற் பிடிக்கப்படும் படங்களும் அம்மரபைப் பேணுவது ஏனோ?

கூலிபெற்று வரும் படப்பிடிப்பாளர் மணவறையை விட்டு அகலார். அகலுதல் அவர் கடமையுமன்று. தாலிகட்டும் அறுகரிசியும் அவர் கருவிக்குள் அடங்கிவிடும். ஆதலின், கைத்தொலைபேசியுடன் இடையே புகுந்து சபையோர் கண்ணை மறைக்கும் உறவினர் செய்வது வீண்வேலை. அவர்க்குரிய இடம் வேறு. பந்தலின் ஓரத்தில் அமர்ந்த மூதாட்டியையும், விடியுமட்டும் பலகாரஞ் சுட்ட அயலாரையும், முன்வரக் கூசிக் கதவோரம் நிற்கும் கைம்பெண்ணையும் இன்னாரென அறிந்தவர் அவரே. கூலியாளர் அறியார்.

படச்சுருளில் 36 படமே அடங்கிய காலத்தில் எண்ணிப் பிடித்தனர். அச்சிட்டு உறவினர்க்கும் அனுப்பினர். இன்றோ நூற்றுக்கணக்கிற் பிடித்து ஒன்றேனும் அச்சிடாதார் பலர். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்தோர் பலரால் அல்பங்களைச் சுமக்க இயலவில்லை. கொழும்புக்கும் கடல்கடந்தும் முன்னரே அனுப்பிய படிகளே சில குடும்பங்களுக்கு எஞ்சின. அவற்றுட் பலவற்றின் பின்புறம் வெறுமை. மணமகளின் அருகே நிற்பவர் மாமியோ, சிற்றன்னையோ என்று வினவும் பேரருக்கு விடைகூற வல்லார் இப்போது இலர்.

பத்துப் படமாயினும் அச்சிடுங்கள். பெயரும் முறையும் ஆண்டும் பின்புறத்தில் எழுதி மணமக்களிடம் கொடுங்கள். ஒரு படி வேறூர் உறவினரிடம் இருக்கட்டும். கதவோரம் நின்றவரின் படத்தை முதலில் வையுங்கள்.