பூஜ்யம் என்றால் தண்ணீர் இல்லையா?



நான் வடகரைக்காரன். எங்கள் ஊருக்கு மேற்கே மேக்கரையில் 132 அடி அடவிநயினார் அணை. மலையில் மழை என்றாலே, "அணையில எத்தனை அடி?" என்பதுதான் டீக்கடைப் பேச்சு. மலைத்தண்ணீர் சொல்லிக்கொண்டு வராது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனைப் பலிகொண்டது. ஆகவே நீர்மட்டம் அளப்பதை வெறும் மார்க் விஷயமாக என்னால் பார்க்க முடியவில்லை.

நீர்மட்ட சென்சார் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை தருகிறது. டேட்டா அக்விசிஷன் கார்டுக்கோ வோல்ட்தான் புரியும். 250 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 1 முதல் 5 வோல்ட். இதுவரை எல்லாரும் சரியாகத்தான் செய்கிறோம். அப்புறம் கார்டின் ரேஞ்சை பிளஸ் மைனஸ் 10 வோல்ட்டிலேயே விட்டுவிடுகிறோம்! 12 பிட் கார்டில் மொத்தம் 4096 படிகள். 20 வோல்ட்டுக்கு அவற்றைப் பங்கு போட்டால், நம்முடைய 4 வோல்ட்டுக்குக் கிடைப்பது 819தான். அணையின் 132 அடிக்குக் கணக்குப் போட்டால் ஒரு படி ஏறக்குறைய 2 அங்குலம். ரேஞ்சை 0 முதல் 5 வோல்ட் ஆக்கினால் அரை அங்குலம். பைசா செலவில்லாமல் நாலு மடங்கு நுட்பம்.

"அப்ப 0-5 போட்டா முடிஞ்சுதே" என்பீர்கள். அங்கேதான் எனக்கு மாற்றுக் கருத்து. பல டிரான்ஸ்மிட்டர்கள் தமக்குக் கோளாறு வந்தால் 21 மில்லி ஆம்பியருக்கு ஏறியோ, 3.6க்கு இறங்கியோ சொல்லும். 21 என்றால் 5.25 வோல்ட், கார்டு 5-லேயே நின்றுவிடும். அணை நிறைந்ததா, சென்சார் கெட்டதா, தெரியாது. 220 ஓம் போடுங்கள்: 20க்கு 4.4 வோல்ட், 21க்கு 4.62. நுட்பம் கொஞ்சம்தான் குறையும். கோளாறு பளிச்சென்று தெரியும்.

கீழ்ப்பக்கமும் அப்படியே. எங்கள் புராஜெக்ட்டில் ஒருநாள் திரையில் 0 அடி. டேங்கிலோ தண்ணீர் தளும்புகிறது! பார்த்தால் வயர் கழன்றிருந்தது. மைனஸ் வந்தால் 0 என்று காட்டும்படி புரோகிராம் எழுதிய புத்திசாலி நானேதான். 4 மில்லி ஆம்பியர்தான் காலி டேங்க். 0 என்றால் லூப் அறுந்துபோச்சு என்று அர்த்தம்.

ரெக்கார்டு நோட்டில் ரேஞ்ச் கணக்கோடு, "வயர் அறுந்தால் திரை என்ன காட்டும்?" என்ற கேள்விக்கும் பதில் எழுதவேண்டும், செய்முறைத் தேர்வில் அதற்கும் மார்க் தரவேண்டும் என்பது எனது தாழ்மையான கருத்து. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கருவியை நம்பலாம். எல்லாம் சரி என்று பொய் சொல்லும் கருவியை நம்பி ஆற்றுக்குள் யாரை இறங்கச் சொல்வது?