பிள்ளையை இறக்கிவிட்டுப் போகும் ஞாயிற்றுக்கிழமை



கொஞ்சம் நீளமான பதிவு. நெளுக்குளம், சாளம்பைக்குளம், பட்டாணிச்சூர் பக்கத்துப் பெற்றோர் பொறுமையாக வாசியுங்கள். திட்டுவதென்றால் முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன ஞாயிறு அஹதிய்யா வகுப்புக்குப் பதிவேட்டில் உள்ள பிள்ளைகளில் பாதிப்பேர்கூட வரவில்லை. ஒன்பது மணி தாண்டி ஒரு வாப்பா வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே மகளை இறக்கிவிட்டு, "சேர், பத்தரைக்குப் பிள்ளைக்கு சயன்ஸ் வகுப்பு இருக்கு. பத்தேகாலுக்கு விட்டுடுங்க" என்றார். பிள்ளையின் பையில் விஞ்ஞானக் கொப்பி இருந்தது. அஹதிய்யாக் கொப்பி வீட்டில்.

அவர் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. அவராவது கூட்டிக்கொண்டு வந்தார். உண்மையைச் சொன்னால், கை சுத்தமானவர்கள் மாதிரிப் பேச எங்களாலும் முடியாது. ஆசிரியர்களாகிய எங்களில் பலர் ஞாயிறு காலையில் ரியூசன் எடுத்தவர்கள்தான். சம்பளம் போதாத மாதங்களில் அந்தக் காசில்தான் வீட்டுக்கு அரிசி வந்தது. அப்போது எங்கள் வகுப்பில் இருந்த முஸ்லிம் பிள்ளைகள் அந்த நேரம் வேறெங்கே இருந்திருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்டுப் பார்க்கவில்லை.

அஹதிய்யா என்ற பெயரே ஞாயிறிலிருந்து வந்தது. அரபியில் 'யவ்முல் அஹத்' ஞாயிற்றுக்கிழமை. எங்களுடைய நாள் வெள்ளி. ஆனாலும் மார்க்கம் படிக்க ஞாயிறைத்தான் பிடித்தோம், ஏனென்றால் அன்றுதான் பாடசாலை இல்லை. முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் பதியலாம், பரீட்சை உண்டு, சான்றிதழ் உண்டு. சம்பளம் மட்டும் இல்லை. படிப்பிக்கிறவர்கள் தொண்டர்கள்.

இது எங்களுடைய கண்டுபிடிப்பும் இல்லை. இங்கிலாந்தில் 1780 அளவில் ரொபர்ட் ரைக்ஸ் என்பவர், கிழமை முழுக்க வேலைத்தலத்தில் கிடந்த ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பாடசாலை தொடங்கினார். அதைப் பார்த்து மற்றவர்கள் செய்தார்கள். காலியில் பௌத்தர்களுக்கான தஹம் பாசல் 1895இல் வந்தது. கோயில்களில் அறநெறிப் பாடசாலை, தேவாலயங்களில் மறைக்கல்வி. எல்லாருக்கும் கிடைத்தது இந்த ஒரே காலைப்பொழுதுதான். அதே காலைப்பொழுதைத்தான் ரியூசன் கொட்டில்களும் கேட்கின்றன.

இந்த வரிசையில் நாங்கள் அதிகம் யோசித்துப் பார்க்க வேண்டிய கதை அமெரிக்க யூதர்களுடையது. பெயரைப் பார்த்ததும் சிலருக்கு முகம் சுருங்கும் என்று தெரியும். காஸாவில் பிள்ளைகளுக்கு நடந்ததைப் பார்த்து எங்களுக்கும் தூக்கம் போன இரவுகள் உண்டு. அதைச் செய்த அரசைப் பற்றி எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு வேதத்தை எப்படிச் சொல்லிக் கொடுத்தது என்று அறிவதற்கு அது தடையாக இருக்க முடியாது. ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளச் சொன்னது யார் என்று எங்கள் பிள்ளைகளுக்கே நாங்கள் படிப்பிக்கிறோம்.

பிலடெல்பியா நகரத்தில் ரெபெக்கா கிராட்ஸ் என்ற பெண்மணி 1838இல் யூதப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பாடசாலை தொடங்கினார். அவர்களுடைய புனித நாள் சனி. அவர்களும் எங்களைப் போலவே ஊர் விடுமுறையான ஞாயிறைத்தான் எடுத்தார்கள். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இரண்டு பேருக்கும் வகுப்பு. படிப்பித்தவர்கள் பெண்கள், சம்பளம் இல்லாமல். ஏன் தேவைப்பட்டது? பிள்ளைகள் போன பொதுப் பாடசாலைகளில் கிறிஸ்தவ வாடை. வீட்டிலோ மார்க்கம் தேய்ந்து போயிருந்தது. பாடப் புத்தகம்கூடக் கிடையாது. கிறிஸ்தவ ஞாயிறு பாடசாலைப் புத்தகங்களை எடுத்து, தங்கள் நம்பிக்கைக்குப் பொருந்தாத இடங்களின் மேல் காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டுப் பாவித்திருக்கிறார்கள். ஒட்டின காகிதத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று உரித்துப் பார்க்காத பிள்ளை இருந்திருக்குமா என்று நினைத்துச் சிரித்துக்கொண்டோம். எங்கள் வகுப்பில் என்றால் முதல் கிழமையே உரிந்திருக்கும்.

அந்த நிலைமை எங்களுக்குப் புதிதா? எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் ஒரு பகுதி படிப்பது முஸ்லிம் பாடசாலையில் இல்லை. தமிழ்ப் பாடசாலையில். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, நல்ல படிப்பு, நல்ல சிநேகிதம். ஆனால் ஓ.எல். பரீட்சைக்குச் சமயம் கட்டாய பாடம். இஸ்லாம் பாட ஆசிரியர் இல்லாத பாடசாலையில் சமயபாட நேரம் வந்தால் முஸ்லிம் பிள்ளை என்ன செய்யும்? எங்களில் ஒருவர் படிப்பித்த பாடசாலையில், சைவசமய பாடம் நடக்கும்போது இரண்டு முஸ்லிம் பிள்ளைகள் வாசிகசாலையில் போய் இருப்பார்கள். அதிபரும் ஆசிரியர் கேட்டுக் கடிதம் எழுதிப் பார்த்தார். வரவில்லை. அந்தப் பிள்ளைகள் இரண்டு வருஷம் அந்தப் பாடநேரத்தைப் பழைய பத்திரிகை புரட்டிக் கழித்தார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அஹதிய்யா மேலதிக வகுப்பு இல்லை. அதுதான் ஒரே வகுப்பு.

இனி நாங்கள் சொல்ல வந்த விஷயம். அந்த அமெரிக்க யூத சமூகம் ஞாயிறு பாடசாலையை வளர்த்துக்கொண்டே போனது. தொழுகைக் கூடம் ஒவ்வொன்றோடும் சேர்ந்து பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு, கிழமை நாளிலும் பின்னேர வகுப்பு. கட்டடம் இருந்தது, காசு இருந்தது, பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் இருந்தார்கள். இருந்தும் நீண்ட காலமாக அவர்களே அவர்களைக் குறை சொல்லிக்கொண்டார்கள். பெற்றோர் காரில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். பிள்ளை உள்ளே கற்கும் விஷயம் வீட்டில் இல்லை. 13 வயதில் ஆண் பிள்ளைக்குச் சபையில் வேதம் வாசிக்கும் சடங்கு உண்டு, 'பார் மிட்ஸ்வா' என்பார்கள். பெரிய விருந்து, பரிசு. அது முடிந்ததும் நிறையப் பிள்ளைகள் வகுப்புப் பக்கம் வருவதில்லை.

இதை வாசிக்கும்போது உங்களுக்கு யாருடைய ஞாபகம் வருகிறது? எங்களுக்கு எங்கள் ஊர் கத்தம் ஞாபகம் வந்தது. பிள்ளை குர்ஆனை ஓதி முடித்ததும் ஹஸ்ரத்துக்கு அன்பளிப்பு, அக்கம்பக்கத்துக்குச் சீனி போட்ட சோறு, போட்டோ. அடுத்த கிழமையிலிருந்து பிள்ளை மத்ரஸாவுக்கு வராது. கேட்டால், "அதுதான் முடிச்சிட்டாவே சேர்!"

அவர்கள் அதற்கு என்ன செய்தார்கள் என்றால், பிள்ளையோடு உம்மா வாப்பாவையும் வகுப்புக்குள் இருத்தத் தொடங்கினார்கள். குடும்பக் கல்வி என்று பெயர். சில ஞாயிறுகளில் பெற்றோரும் பிள்ளையும் ஒரே மேசையில். பெருநாளுக்கு முந்திய கிழமை அந்தப் பெருநாளை வீட்டில் எப்படி நடத்துவது என்று இரண்டு பேருக்கும் சேர்த்துப் பாடம். எல்லா இடத்திலும் இது வெற்றி என்று சொல்ல மாட்டோம். ஆனால் நோயைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பிள்ளைக்குள்ளே குறை என்று நினைத்த விஷயம் வாசலில் நின்ற வாகனத்தில் இருந்தது.

அமெரிக்கா தூரம் என்றால் கொச்சிக்குப் போவோம். மட்டாஞ்சேரி, பறவூர், சேந்தமங்கலம் பகுதிகளில் பல நூற்றாண்டுகளாக யூதர்கள் வாழ்ந்தார்கள். மட்டாஞ்சேரிப் பரதேசி ஜெபாலயம் 1568இல் கட்டப்பட்டது. அங்கே பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கும் வகுப்பும் ஜெபாலயத்தோடு சேர்ந்ததாகத்தான் இருந்தது. பெண் பிள்ளைகளும் ஹீப்ரு வாசிக்கக் கற்றார்கள். அதைவிட எங்களைத் தொட்டது வேறு. அந்தச் சமூகத்துப் பெண்கள் வேதக் கதைகளை மலையாளத்தில் பாட்டாகப் பாடினார்கள். கலியாணத்தில், பெருநாளில். பாட்டுகளைக் கையால் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு உம்மாவிடமிருந்து மகளுக்கு. வணக்கம் ஹீப்ருவில், கதை மலையாளத்தில். 1950களின் முற்பகுதியில் பெரும்பாலானோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். ஜெபாலயங்களில் சில இன்றைக்கு நூதனசாலை. அந்தப் பாட்டுக் கொப்பிகளோ பெண்களின் பெட்டிக்குள் கடல் தாண்டின.

எங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தது. நபிமார் கதையை எங்களுக்கு முதலில் சொன்னது மௌலவி இல்லை, உம்மம்மா. நூறு மசலாவிலிருந்து கேள்வி கேட்டு மடக்குகிற கிழவிகள் எங்கள் குடும்பங்களில் இருந்தார்கள். இன்றைக்கு உம்மம்மாவுக்கும் போன் இருக்கிறது.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்களில் சிலர் கைக்குழந்தை, சிலர் பிறக்கவே இல்லை. நாங்கள் வளர்ந்தது புத்தளத்து முகாம்களில். தண்ணீருக்கு வரிசை, மலசலகூடத்துக்கு வரிசை. அப்படிப்பட்ட இடத்திலும் கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டிலில் குர்ஆன் மத்ரஸா நடந்தது. மஃரிபுக்குப் பிறகு குப்பி விளக்கு. இருட்டில் பிள்ளைகளைத் தனியாக அனுப்பப் பயந்து உம்மாமார் கூடவே வருவார்கள். கிடுகு மறைப்புக்கு வெளியே மணலில் இருந்துகொண்டு, உள்ளே ஹஸ்ரத் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டபடி இருப்பார்கள். சின்ன வயதில் ஓத வாய்ப்புக் கிடைக்காத உம்மாமார் சிலர் யாசீன் சூராவைப் பாடமாக்கியது அந்த மறைப்புக்கு வெளியே இருந்துதான். இரவு படுக்கும்போது நாங்கள் பிழையாக ஓதினால் இருட்டுக்குள்ளிருந்து திருத்தம் வரும். யாரும் அதற்குக் குடும்பக் கல்வி என்று பெயர் வைக்கவில்லை. இப்போது மத்ரஸாவுக்கு மாபிள் பதித்திருக்கிறோம், மின்விசிறி போட்டிருக்கிறோம். உம்மாவுக்கு இடம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு, எழுதக் கை தயங்குகிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் செத்தவர்களில், ஞாயிறு வகுப்பு முடிந்து வெளியே வந்து நின்ற பிள்ளைகளும் இருந்தார்கள். எங்கள் அஹதிய்யாப் பிள்ளைகளின் வயதுப் பிள்ளைகள். அதைச் செய்தவர்கள் எங்கள் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிச் செய்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் வகுப்புகளை மற்றவர்கள் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள், மனம் நொந்தோம். ஆனால் மற்றவர்கள் கேட்பதற்கு முன்னால் நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது: என் பிள்ளைக்கு மார்க்கம் என்று என்ன சொல்லப்படுகிறது, யார் சொல்கிறார்? வாசலில் இறக்கிவிட்டுப் போகிற வாப்பாவால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. எங்கள் வகுப்பில் நாங்கள் என்ன சொல்கிறோம் என்று வந்து கேளுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. பிழையென்றால் எழும்பிச் சொல்லுங்கள். பெற்றோர் இருக்கும் வகுப்பில் ஆசிரியரும் தயார் செய்துகொண்டுதான் வருவார், எங்களையும் சேர்த்துச் சொல்கிறோம்.

ஞாயிறு காலையில் தனியார் வகுப்பை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். எல்லாச் சமயத்தவர்களும் அதைக் கேட்கிறார்கள், நாங்களும் ஆதரவு. ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ரியூசனை மூடினால் பிள்ளை வகுப்புக்கு வரும் என்பது ஒரு கணக்கு. வீட்டில் தூங்கும் என்பது இன்னொரு கணக்கு. ஞாயிறு பூசைக்கு வரும் கத்தோலிக்கக் குடும்பங்களைப் பாருங்கள். குடும்பத்தோடு வருகிறார்கள், அதே வளவில் பிள்ளை மறைக்கல்விக்குப் போகிறது, தாய் தகப்பன் நின்று கூட்டிப் போகிறார்கள். எங்களில் வாப்பா பள்ளிக்கு ஜும்ஆவுக்கு வருகிறார், பிள்ளை ஞாயிறு வருகிறது, உம்மா வருவதே இல்லை. ஒரே குடும்பம் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் மார்க்கம் கேட்பது வருஷத்தில் எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள்.

"சேர், எனக்கே ஒழுங்கா ஓதத் தெரியாது, பிள்ளைக்கு முன்னுக்கு வந்து எப்படி இருக்கிறது?" என்று ஒரு ராத்தா கேட்டா. வெட்கம். இதுதான் மெய்யான தடை என்று நாங்கள் நினைக்கிறோம், நேரமில்லை என்பது சும்மா சாட்டு. ராத்தா, தெரியாதவர்களுக்குத்தான் வகுப்பு. உங்கள் மகள் உங்களுக்கு 'ழாத்' உச்சரிப்பைத் திருத்தித் தரும் அந்த ஐந்து நிமிஷத்துக்குப் பிறகு, அவவுக்கு அந்தப் பாடம் மறக்கவே மறக்காது. படிப்பிக்கிற எங்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். எங்களுக்கே பாதி விஷயம் விளங்கியது படிப்பிக்கத் தொடங்கிய பிறகுதான்.

நிருவாக சபையோடு கதைத்துவிட்டோம். மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும், பிள்ளையோடு வீட்டில் ஒருவர். உம்மா, வாப்பா, நானா, உம்மம்மா யாராக இருந்தாலும் சரி. பெண்களுக்குத் தனிப் பக்கம், மறைப்பு இருக்கும், சத்தம் தெளிவாகக் கேட்கும். முதல் நாள் பாடம் வுழூ. எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்று நினைக்கிறோம், செய்து பார்க்கும்போது தெரியும். ஓ.எல். பிள்ளைகளுக்குப் பத்தரைக்கு வகுப்பு இருக்கிறது என்று தெரியும், அதனால் எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிப்போம். எங்களில் ஞாயிறு காலை ரியூசன் எடுத்த இரண்டு பேர் அதைச் சனி பின்னேரத்துக்கு மாற்றிவிட்டோம். சில பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், பரவாயில்லை.

பாய் விரித்து வைப்போம். தேத்தண்ணி நாங்கள் ஊற்றுவோம், பணிஸ் யாராவது கொண்டு வந்தால் நல்லது. மோட்டார் சைக்கிளை வேப்பமரத்துக்குக் கீழே நிறுத்தலாம், அங்கே நிழல் இருக்கிறது.