இசையில் உயர்ந்தது, தாழ்ந்தது உண்டா?

பாடுகிறவர் இல்லை. பாட்டும் இல்லை. மூன்று கிதார், ஒரு டிரம். அவ்வளவுதான்!

இவற்றை வைத்துக்கொண்டே லட்சக்கணக்கானவர்களை ஆட வைத்தார்கள், அமெரிக்காவின் "வெஞ்சர்ஸ்" குழுவினர்.

இவர்கள் பெரிய சங்கீத வித்துவான்களா?

இல்லை. கட்டிட வேலை செய்து பிழைத்தவர்கள்!

அமெரிக்காவின் மேற்குக் கோடியில் வாஷிங்டன் மாநிலம் இருக்கிறது. அங்கே பாப் போகிள், டான் வில்சன் என்று இரண்டு தொழிலாளிகள். 1958-ம் ஆண்டில் இருவரும் நண்பர்கள் ஆனார்கள். அடகுக் கடையில் பழைய கிதார்களை வாங்கினார்கள். தாங்களாகவே வாசித்துப் பழகினார்கள்.

தாயின் உதவி

இவர்களுடைய இசையைத் தட்டில் வெளியிட முதலில் கம்பெனிக்காரர்கள் முன்வரவில்லை. வில்சனின் தாயார் ஜோசி சும்மா இருக்கவில்லை. மகனுக்காகத் தாமே ஒரு கம்பெனி தொடங்கி, தட்டு வெளியிட்டார்!

"வாக், டோன்ட் ரன்" ("நட, ஓடாதே") என்பது 1960-ல் வந்த தட்டின் பெயர். ஜானி ஸ்மித் என்ற ஜாஸ் இசை மேதை அமைத்த மெட்டு அது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 2-வது இடத்தைப் பிடித்தது.

ஒரே தட்டில் இரண்டு

1964-ல் இவர்கள் இன்னொரு தட்டு வெளியிட்டார்கள். ஒரு பக்கம், 1936-ல் ஒரு மேடை நாடகத்துக்காக ரிச்சர்டு ராட்ஜர்ஸ் அமைத்த பாலே நடன இசை. மறுபக்கம், ஜெர்மன் மேதை பிராம்சின் 5-வது "ஹங்கேரிய நடனம்". இரண்டையும் "ராக்" தாளத்தில் வாசித்தார்கள்!

"உயர்ந்த சங்கீதத்தைக் கெடுக்கிறார்களே!" என்று சிலர் முகம் சுளிப்பார்கள்.

அது சரியா? சரியல்ல என்பேன்.

பிராம்ஸ் அந்த நடன இசையை வெளியிட்டது 1869-ல். ஆனால் மெட்டு அவருடையது அல்ல! நாட்டுப்பாடல் என்று நினைத்து அவர் எடுத்துக்கொண்டார். உண்மையில் அதைப் போட்டவர் கேலர் பேலா. ராணுவ பேண்டை நடத்தியவர்.

மக்கள் ஆடுவதற்காகப் பிறந்த மெட்டு, மேதையின் கைபட்டுப் பெரிய மண்டபம் ஏறியது. தொழிலாளிகளின் கைபட்டு மறுபடியும் மக்களிடம் வந்தது. இதில் என்ன குற்றம்?

சில நுட்பங்கள் குறைந்து போயிருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால், "அது நமக்கு எட்டாது" என்று வாசலிலேயே நின்றவர்களை இவர்கள் கைபிடித்து உள்ளே அழைத்து வந்தார்கள். அது பெரிய காரியம் அல்லவா?

1965-ல் கிதார் கற்றுக்கொடுக்கவே ஒரு தட்டு வெளியிட்டார்கள். அதுவும் விற்பனைப் பட்டியலில் ஏறியது! 2008-ல் அமெரிக்காவின் "ராக் புகழ் மண்டபம்" இவர்களைச் சேர்த்துக் கௌரவித்தது. போகிள் 2009-லும், வில்சன் 2022-லும் மறைந்தார்கள். அவர்களுடைய இசை மறையவில்லை.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை பழைய கிதாரைத் தட்டிக்கொண்டிருந்தால், "என்னடா சத்தம்?" என்று விரட்டாதீர்கள். ஜோசி அம்மாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இசையில் நல்லது உண்டு, கெட்டது உண்டு. உயர்ந்த குலம், தாழ்ந்த குலம் கிடையாது!