லிங்கனுக்குப் பக்கத்தில் யார்?

அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்துக்கு 2026-இல் 250 வயது. அதையொட்டி அமெரிக்க இசைக் கச்சேரி ஒன்றை அமைக்க உட்காரும் நடத்துநரின் கை முதலில் இசையமைப்பாளர் காப்லண்டைத்தான் எடுக்கும். 'ஃபேன்ஃபேர் ஃபார் த காமன் மேன்', 'லிங்கன் போர்ட்ரெய்ட்' இரண்டும் 1942-இல், போர்க்காலத்தில் எழுதப்பட்டவை. இரண்டும் அருமையான படைப்புகள். அவற்றோடு நின்றுவிடாதீர்கள் என்பதே நம் வேண்டுகோள்.

ஃபேன்ஃபேர் சின்சினாட்டியில் முதன்முதலாக ஒலித்தது 1943 மார்ச்சில். அதே ஆண்டு இசையமைப்பாளர் ஃபுளோரன்ஸ் பிரைஸ், பாஸ்டன் சிம்பொனியின் நடத்துநர் கூசெவிட்ஸ்கிக்கு ஒரு கடிதம் எழுதினார். தான் பெண், கறுப்பினத்தவர் என்பதை ஒதுக்கிவைத்து, இசையை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். காப்லண்டுக்குப் பெருந்துணையாக இருந்த அதே கூசெவிட்ஸ்கி, பிரைஸின் எந்தப் படைப்பையும் மேடையேற்றவில்லை. இத்தனைக்கும் பிரைஸின் இ மைனர் சிம்பொனியை 1933-லேயே ஃபிரெடெரிக் ஸ்டாக் தலைமையில் சிகாகோ சிம்பொனி வாசித்திருந்தது. பிரைஸ் இறந்து அரை நூற்றாண்டுக்கும் மேலான பின், 2009-இல், இல்லினாய் மாநிலத்தில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டில் அவருடைய கையெழுத்துப் பிரதிகள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. எல்லாரும் சமம் என்ற முழக்கத்தை வாசிக்கும் மாலையில் இந்த வரலாறும் கேட்க வேண்டும். பிரைஸை முதலில் வையுங்கள், காப்லண்ட் பின்னால் வரட்டும். அப்போது ஃபேன்ஃபேரின் பித்தளை முழக்கம் வேறு கனத்தோடு கேட்கும்.

மற்றொரு கறுப்பின இசையமைப்பாளரான வில்லியம் கிராண்ட் ஸ்டில்லின் 'ஆஃப்ரோ-அமெரிக்கன் சிம்பொனி'யும் (1931-இல் ராச்செஸ்டரில் ஹோவர்ட் ஹான்சன் நடத்தியது) அந்த வரிசைக்கு உரியது.

லிங்கனின் சொற்களை ஒருவர் இசையோடு உரைக்கும் 'லிங்கன் போர்ட்ரெய்ட்' பற்றி ஒரு சொல். 1953 ஜனவரியில், ஐசன்ஹோவர் பதவியேற்புக் கச்சேரிப் பட்டியலிலிருந்து அது நீக்கப்பட்டது. காப்லண்டுக்குக் கம்யூனிஸ்டுத் தொடர்பு உண்டென்று நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் எதிர்த்ததே காரணம். சில மாதங்களில் செனட்டர் மெக்கார்த்தியின் குழுவும் காப்லண்டை விசாரணைக்கு அழைத்தது. நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் இதைக் கட்டாயம் எழுதுங்கள். லிங்கனின் சொற்கள் ஒலிக்கும் படைப்பே அந்நாட்டின் பதவியேற்பு மேடையிலிருந்து விலக்கப்பட்டதைக் கேட்பவர்கள் அறியட்டும். உரைப்பவராகப் புகழ்பெற்ற நடிகரை அழைத்தால், இசைப்பிரதியில் காப்லண்ட் தந்திருக்கும் குறிப்பை முன்கூட்டியே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். உணர்ச்சியைக் கூட்டாமல் எளிமையாகப் பேச வேண்டும் என்கிறார் அவர். குரல் நடுங்கி, உயர்ந்து, இசை அமுங்கிப்போவதை எத்தனை ஒலிப்பதிவுகளில் கேட்டிருக்கிறோம்!

ஒத்திகை நேரத்தைப் பங்கிடும்போதும் இதே அக்கறை வேண்டும். காப்லண்ட் பெரும்பாலான வாத்தியக்காரர்களின் விரல்களில் ஏற்கெனவே இருக்கிறது. பிரைஸ் சிம்பொனியின் மூன்றாம் பகுதியான ஜூபா, அடிமைப்பட்ட மக்கள் உடலையே தட்டித் தாளமிட்டு ஆடிய நடனத்திலிருந்து பிறந்தது. வயலின்கள் அதை அழகான நாட்டுப்புற மெட்டாக இழுத்தால் உயிர் போய்விடும். தாளம் தரையில் பதிய வேண்டும். ஸ்டில் சிம்பொனியின் மூன்றாம் பகுதிக்கு பாஞ்சோ வேண்டும். அதை வாசிப்பவரைக் கடைசி ஒத்திகைக்கு மட்டும் வரச்சொல்லாமல் முதல் நாளே வரவழைத்து, தந்தி வாத்தியங்களுக்கு அருகில் உட்கார வையுங்கள்.