எண்ணெய்க்கும் எண்ணம் உண்டோ?

பாஸ்கல் விதி என்றதும் நம்மில் எவர்தான் வாய் திறவார்? அடைபட்ட திரவத்தின்மீது செலுத்தும் அழுத்தம் எத்திசையும் சமமாகப் பரவும் என்று மூச்சு விடாமல் ஒப்பித்து விடுவோம். நானும் ஒப்பித்தவன்தான், மதிப்பெண்ணும் பெற்றவன்தான். அந்தப் பெருமை சென்ற கோடை விடுமுறையில், தில்லி கரோல் பாகிலுள்ள மாமாவின் மோட்டார்ப் பட்டறையில் கரைந்தது.

தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் பழைய கார் ஒன்று அங்கு வந்தது. இரண்டாவது கியரைத் தாண்ட மறுத்தது. கியர்பாக்சையே மாற்ற வேண்டும் என்று வேறிடத்தில் கூறிவிட்டார்களாம். விலையைக் கேட்டுக் கலங்கி வந்திருந்தார் சொந்தக்காரரான ஓய்வுபெற்ற ஆசிரியர். மாமா வால்வு பாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“எம்.எஸ்ஸி. படிக்கிறாயே, கியரை எப்போது மாற்றுவதென்று இந்த ஆயிலுக்கு யாரடா சொல்வது?” என்றார்.

நான் விழித்தேன். எட்டாம் வகுப்போடு நின்ற மாமா விளக்கினார்.

அது ஓர் அலுமினிய வார்ப்பு. உள்ளே கறையான் புற்றுப்போல் வழிகள். வழிகளின் குறுக்கே சிறு உருளை வால்வுகள். வண்டியின் வேகத்தோடு உயரும் எண்ணெய் அழுத்தம் வால்வை ஒரு முனையில் தள்ளுகிறது. மறுமுனையில் ஸ்பிரிங்கும், ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க உயரும் அழுத்தமும் எதிர்த்து நிற்கின்றன. வேகம் வென்றால் வால்வு நகரும், வழி திறக்கும், எண்ணெய் பாய்ந்து அடுத்த கிளச்சை இறுக்கும், கியர் மாறும். அழுத்தி மிதித்தால் கியர் தாமதித்து மாறுவதேன் என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று! 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வந்த ஹைட்ராமாட்டிக், கணிப்பொறி இன்றியே இவ்வாறு நான்கு கியர்களை மாற்றியது. இன்று கட்டளையிடுவது கணிப்பொறி. ஆயினும் கிளச்சை இறுக்குவது எண்ணெய்தான்.

அந்த வண்டியின் நோய் என்ன? மயிரிழையினும் குறுகிய இடைவெளியில் உலோகத் துகள் சிக்கி, ஒரு வால்வு நகராமல் நின்றது. அவ்வளவே! கழுவிப் பூட்டியதும் வண்டி ஓடிற்று. ஆசிரியர் முகம் மலர்ந்தது.

விதியை அறிந்த எனக்கு வால்வு தெரியவில்லை. வால்வை அறிந்த மாமாவுக்கு விதியின் பெயர் தெரியவில்லை. இவ்விருவரும் ஒரு மேசையில் அமராதவரை, ஒரு துகளுக்காகக் கியர்பாக்சையே மாற்றச் சொல்வார்கள். படித்த நாமும் தலையாட்டிப் பணம் கொடுப்போம்.

நம் சங்கம் பேச்சுப்போட்டி நடத்துகிறது, நன்று. மாதம் ஒரு மாலை, பட்டறைத் தொழிலாளி ஒருவரை அழைத்து, பொறி ஒன்றைப் பிரித்து வைத்து, தமிழிலே பாடம் கேட்டால் என்ன? கையில் பட்ட கறை சோப்பில் போய்விடும். அறியாமைக் கறை பட்டத்தால் மட்டும் போய்விடாது!