மிதியடிக்குக் கீழே

பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காடு செல்லும் சாலையில் தமிழ்நாடும் கேரளமும் சந்திக்கும் ஊர் கோபாலபுரம். இரண்டு பருவமழைகளையும் முழுசாக வாங்கிக்கொள்ளும் கேரளத்துக் காருக்கும் பொள்ளாச்சி வெயிலில் காயும் காருக்கும் இங்கே பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. புது பெயிண்ட் அதை மறைத்துவிடும். வித்தியாசம் இருப்பது ரப்பர் மிதியடிக்குக் கீழே.

பழைய அம்பாசடர் வாங்க வருகிறவர்கள் பானெட்டைத் திறக்கிறார்கள், எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள், கதவை அறைந்து பார்க்கிறார்கள். மிதியடியைத் தூக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. பட்டறைகளில் ‘பிளாட்பாரம்’ என்று அழைக்கப்படும் தரைத் தகடு அங்கேதான் சத்தமில்லாமல் செத்துக்கொண்டிருக்கும். முன்கண்ணாடி ரப்பர் பீடிங் இறுகி வெடித்தால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகள் சேறு அடைத்துக்கொண்டாலும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. மிதியடிக்கு அடியில் உள்ள கம்பளி அதை வாரக்கணக்கில் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். துரு மேலிருந்து தின்னத் தொடங்குகிறது. கீழே படும் சாலைச் சேறு மறுபக்கத்திலிருந்து உதவி செய்கிறது.

தரைதானே, ஒரு தகட்டை ஒட்டினால் போயிற்று என்று நினைப்பதில்தான் ஆபத்து. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குத் தனியாகச் சட்டம் உண்டு. உடல் அதன் மேல் உட்கார்ந்திருக்கும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியில் வந்து, உத்தரபாராவில் 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசடருக்கோ, ஃபியட் 1100-இன் வாரிசான பிரீமியர் பத்மினிக்கோ அப்படித் தனிச் சட்டம் கிடையாது. தரை, கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகடுகள், தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. இருக்கைகளும் தரையில்தான் போல்ட் போடப்பட்டிருக்கின்றன. அந்தப் பிடிமானம் துருவாகிவிட்ட கார் மோதினால் ஓட்டுநர் இருக்கையோடு பெயர்ந்து வருவார்.

அவசரப் பட்டறைகளின் வைத்தியம் எளிது: ஓட்டையின் மேல் ஒரு தகடு, நாலு ரிவெட், கொஞ்சம் ஃபைபர், மேலே தார்ப் பூச்சு. வெளியே கறுப்பாகப் பளபளக்கும். உள்ளே இரண்டு தகடுகளுக்கு நடுவில் ஈரம் சிறைப்பட்டு, முன்பைவிட வேகமாக அரிக்கும். ஓட்டை கண்ணுக்குத் தெரிந்தால் எச்சரிக்கையாவது கிடைக்கும். மூடிய ஓட்டை அதையும் தருவதில்லை.

முறையான வேலைக்குப் பொறுமை வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, இருக்கைகளையும் தரையை ஒட்டி ஓடும் பெட்ரோல், பிரேக் குழாய்களையும் அகற்றிய பிறகே வெட்டும் கருவியைத் தொட வேண்டும். காரைச் சமதளத்தில் தாங்கி நிறுத்தி, கதவு இடைவெளிகளில் குறுக்கே சதுரக் குழாய் வைத்துப் பற்றவைக்க வேண்டும். இல்லாவிட்டால் தரையை வெட்டியதும் உடல் தொய்ந்து, பிறகு கதவே மூடாது. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டுவதும் கூடாது. துருவைச் சுற்றியல்ல, நல்ல இரும்பு வரும் வரை வெட்ட வேண்டும். புதுத் தகட்டில் பழைய தகட்டில் இருந்த வரிப் பள்ளங்களை அப்படியே தட்டி எடுக்க வேண்டும். அவை அழகுக்கல்ல, மெல்லிய தகட்டுக்கு விறைப்பைத் தருபவை. கேஸ் வெல்டிங்கின் சூடு பரவித் தகட்டை நெளிய வைக்கும் என்பதால் சி.ஓ.டூ. வெல்டிங்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு தையல் போட்டு, ஆறவிட்டு இணைப்பதே நல்லது. துருப்பிடிக்காது என்று நம்பி ஜி.ஐ. தகட்டைப் பற்றவைப்பவர்கள் துத்தநாகப் புகையைச் சுவாசித்துக் குளிர்காய்ச்சலில் படுக்க நேரிடும்.

சட்டமும் இதில் தலையிடுகிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 ஜூலையில் வந்த விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று ஏற்று, ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட தனி எண் தருகின்றன. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் வண்டி அதன் அசல் வடிவில் இருக்க வேண்டும்; சட்டம், உடல், எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. 1970களின் தொடக்கத்தில் பதிவான அம்பாசடர்கள் இந்த வயதை எட்டிவிட்டன. அதே வடிவில், அதே கனத்தில் போட்ட தரை பழுதுபார்ப்பு. மனம்போனபடி இரும்புக் கோணங்களை வைத்துக் கட்டிய தரையை அப்படிச் சொல்லிக்கொள்வது கஷ்டம். வெட்டுவதற்கு முன்னும் பின்னும் புகைப்படம் எடுத்து, பட்டறை ரசீதோடு வைத்துக்கொள்வது உரிமையாளருக்குப் பாதுகாப்பு.

எல்லையின் எந்தப் பக்கத்தில் வாங்கினாலும் சோதனைக்குச் செலவு ஒரு ஸ்குரூடிரைவர்தான். மிதியடியைத் தூக்கி, அதன் கைப்பிடியால் தட்டிப் பார்க்கலாம். நல்ல தகடு கணீரென்று சொல்லும். பொத்தென்று கேட்டால், முனையால் குத்திப் பார்க்க அனுமதி கேட்கலாம். விற்பவர் மறுத்தால் அதுவே பதில்.