ரைஃபிள் ஸ்கோப்: பெரிதாகக் காட்டினால் போதுமா?

கேமில் 8எக்ஸ் ஸ்கோப் கிடைத்தால் நமக்குக் குஷிதான். ஆனால், ஜொகூர் உலு திராமில் இருக்கும் தரைப்படையின் புலாடா பயிற்சி மையத்தில், காட்டுக்குள் நடக்கும் வீரருக்கு அதே 8எக்ஸ் தொல்லையாகிவிடலாம். ஏன்?

ஸ்கோப் இல்லாவிட்டால் என்ன சிக்கல்?

பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். ஓடி வந்து மூச்சு வாங்கும்போது இது ரொம்பக் கஷ்டம்.

ரெட் டாட் என்ன மாற்றியது?

சிறிய எல்இடி ஒளி, கண்ணாடியில் பட்டு இணைகதிர்களாகக் கண்ணுக்கு வருகிறது. சிவப்புப் புள்ளி தூரத்தில் இலக்கோடு சேர்ந்தே இருப்பதுபோல் தெரியும். இரண்டு கண்ணையும் திறந்தபடி சுடலாம். அமெரிக்கத் தரைப்படை 1997-இல் ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் கருவியைத் தேர்ந்தெடுத்தது. ஒரு குறை: இது எதையும் பெரிதாக்காது.

பெரிதாக்கினால் எதை இழக்கிறோம்?

முதலில், பார்வைப் பரப்பு சுருங்கும். பக்கத்தில் யார் ஓடுகிறார் என்று தெரியாது.

அடுத்தது வெளிச்சம். முன் கண்ணாடியின் அகலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். 4 மடங்கு, 32 மில்லிமீட்டர் என்றால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 8 மில்லிமீட்டர். 8 மடங்கு, 28 மில்லிமீட்டர் என்றால் வெறும் 3.5. தலை கொஞ்சம் நகர்ந்தாலே படம் கறுத்துவிடும். மர நிழலில் கண்மணி விரிந்திருக்கும் நேரத்தில் படம் இன்னும் மங்கலாகத் தெரியும்.

நம்ம ஊரில் எப்படி?

மலேசிய இராணுவம் பல ஆண்டுகள் பயன்படுத்திய ஸ்டெயர் ஆக் ரைஃபிளின் கைப்பிடியிலேயே 1.5 மடங்கு ஸ்கோப் இருந்தது. அதில் ஒரு வளையம் தெரியும். சுமார் 180 சென்டிமீட்டர் உயர மனிதர் 300 மீட்டரில் அந்த வளையத்துக்குள் அடங்குவார். வேகம், தூரக் கணிப்பு இரண்டுக்கும் அதுவே போதும். பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரின் எஸ்ஏஆர் 21 ரைஃபிளிலும் 1.5 மடங்குதான்.

பின்னர் வந்த எம்4-இன் மேல்பகுதியில் ரயில் உண்டு. தேவைக்கேற்ப ஸ்கோப்பை மாற்றலாம்.

அப்போ எதுதான் சரி?

அமெரிக்க மரைன் படை 2020-இல் 1 முதல் 8 மடங்கு வரை மாற்றக்கூடிய ஸ்கோப்பைத் தேர்ந்தெடுத்தது. பக்கத்துக்கும் தூரத்துக்கும் ஒரே கருவி. ஆனால் எடை கூடும், விலையும் கூடும். சரியான நேரத்தில் மடங்கை மாற்றவும் பழக வேண்டும்.

ஜொகூரில் அடர்ந்த காடும் உண்டு, நீண்ட வரிசைகளாகச் செம்பனைத் தோட்டங்களும் உண்டு. காட்டில் வேகம்தான் உயிரைக் காக்கும். தோட்டத்தில், தூரத்தில் நிற்பவர் கையில் இருப்பது துப்பாக்கியா, குலை வெட்டும் அரிவாளா என்று தெரிந்தாக வேண்டும். அதற்கு உருப்பெருக்கம் தேவை. துல்லியம் என்பது குறி தவறாமல் சுடுவது மட்டுமில்லை, யாரைச் சுடக்கூடாது என்று சுடும் முன்பே தெரிந்துகொள்வதும்தான்.